காட்டில் பல்வகை உயிர்கள் வாழ்வது ஏன்?

கத்தரித் தோட்டத்தில் குருத்தையும் காயையும் துளைக்கும் புழு புகுந்தால், சில வாரங்களுள் தோட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. வேலிக்கு அப்பாலுள்ள காட்டிலோ எவரும் மருந்து தெளிப்பதில்லை, பசளை இடுவதுமில்லை. ஆயினும் ஒரு பூச்சியினால் அக்காடு முழுவதும் அழிந்துபோவதில்லை. அங்கு பலவகை மரஞ்செடிகள் கலந்து நிற்பதே இதற்கு முக்கிய காரணமாகும்.

இப்பன்மை எத்துணைப் பெரிது என்பதற்கு, இலங்கையின் ஈரவலயத்திலுள்ள சிங்கராஜக் காடு சான்றாகும். 1990களில் அங்கு 25 எக்டேயர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர் நிலத்தில் நின்ற மரங்கள் எண்ணப்பட்டன. 200க்கு மேற்பட்ட இனங்கள் காணப்பட்டன. அதேயளவு வயலில் நிற்பது நெல் ஒன்றே.

இப்பன்மை உண்டாவது எவ்வாறு? முதலாவதாக, காடு பல அடுக்குகளை உடையது. உச்சியில் வெயிலும் காற்றும் மிகுதி. அடியில் நிழலும் ஈரமும் மிகுதி. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கேற்ற உயிர்கள் வாழ்கின்றன. இரண்டாவதாக, அங்கு எதுவும் வீணாவதில்லை. பட்ட மரத்தின் பொந்து ஆந்தைக்கும் தேனீக்கும் வீடாகிறது. உதிர்ந்த சருகு கறையானுக்கும் மண்புழுவுக்கும் உணவாகி, மக்கி, மரங்களுக்கே பசளையாகிறது.

மூன்றாவது காரணம் கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. இதனை டானியேல் ஜேன்சன் 1970இலும் ஜோசப் கொனெல் 1971இலும் எடுத்துக்காட்டினர். தாய்மரத்தின் கீழ் விழும் விதைகளையும் முளைகளையும் அம்மரத்துக்கே உரிய பூச்சிகளும் நோய்களும் பெரிதும் அழிக்கின்றன. பறவைகளும் குரங்குகளும் தொலைவிற் கொண்டுசென்று இடும் விதைகளே பெரும்பாலும் தப்புகின்றன. தாய்மரத்தடியில் வேறோர் இனம் முளைக்கிறது. ஆகவே, எந்த ஓரினமும் காடு முழுவதையும் கைப்பற்ற முடிவதில்லை.

ஒரே நிலத்திற் கத்தரியின்பின் கத்தரி நடுபவர், தாய்மரத்தடியிலேயே மீண்டும் விதைப்பவரை ஒப்பர். வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே தங்கிக் காத்திருக்கும். தக்காளியும் மிளகாயும் கத்தரியின் குடும்பத்தனவே. அவற்றை மாற்றி நடுவதாற் பயனில்லை. பயறு, சோளம் போன்ற வேற்றுக் குடும்பப் பயிர்களை இடையிட்டுச் செய்தல் வேண்டும்.

வேலியோரக் காட்டுத்துண்டை வெட்டுமுன்னும் சிந்தித்தல் நன்று. காட்டிலிருந்து பன்றியும் குரங்கும் வந்து பயிரை அழிப்பது உண்மையே. ஆயினும் புழுக்களைத் தின்னும் குளவியும் சிலந்தியும், பூசணிக்கும் பாகலுக்கும் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் அங்கிருந்தே வருகின்றன. இரண்டு பாத்தி கூடுதலாக நடுவதற்காக அதனை வெட்டுபவர், கூலியின்றி உழைக்கும் இவ்வேலையாட்களை இழந்துவிடுகிறார்.