மடியில் விரியும் நூல்

சிவகங்கைச் சீமையின் ஒக்கூர், சிற்றூரேயாயினும் சங்க இலக்கியத்தில் அழியாத இடம் பெற்ற ஊர். ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் பாடிய எட்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று புறநானூற்றின் 279ஆம் பாடல். பிறந்த வீட்டு உறவையும் கணவனையும் அடுத்தடுத்துப் போரில் பறிகொடுத்த தாயொருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டதும், தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள்.

இன்றைய தாயும் காலைதோறும் பிள்ளைக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, சீருடை அணிவித்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மாலையில் வீடு திரும்பும் அப்பிள்ளையின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம்? பெரும்பாலும் கைப்பேசியை அன்றோ! அழுகை ஓய்கிறது, அடுப்படி வேலையும் நடக்கிறது. ஆனால், தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கும் பொழுது நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? நாமே இதில் தவறியவர்கள். நம் இல்லத்தில் ஐந்து வயதுக் குழந்தையை மாலைதோறும் உட்கார வைத்து உரக்க வாசிக்கச் செய்தோம். லகரமும் ளகரமும் பிறழ்ந்த போதெல்லாம் அதட்டினோம். ஒரு நாள் புத்தகத்தைக் காணவில்லை. தேடியபோது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. ஒளித்து வைத்தது குழந்தையே! நாம் வாசிப்பில் சுவை ஊட்டவில்லை, தேர்வுதான் நடத்தி வந்தோம் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. மறுநாள் முதல் நாமே வாசித்தோம். குழந்தை மடியில் சாய்ந்து படம் பார்த்தது. சில வாரங்களில், "இன்னொரு தடவை" என்று அதுவே கேட்கலாயிற்று.

சிரிக்க வைக்கும் கதையினின்று தொடங்குவது நலம். தமிழுக்குத் தொண்டாற்றிய நம் வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதையை எழுதி வைத்தாரே! ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிற்றென அழும் இடத்தில் எந்தக் குழந்தைதான் சிரிக்காது? செட்டிநாட்டு இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கிப் பணியினூடே குழந்தைகளுக்கென்றே பாடல்கள் புனைந்து, 'குழந்தைக் கவிஞர்' எனப் பெயர் பெற்றார். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் அரும்பாடுபட்டுச் சேர்த்த தமிழ் நூல்களே இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். நூலைச் செல்வமாகக் கருதிய மண் இது.

திருமறையும் இதற்குச் சான்று பகர்கிறது. திமொத்தேயுவின் விசுவாசம் அவர் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முன்னரே குடிகொண்டிருந்தது என்றும், அவர் குழந்தைப் பருவமுதலே மறைநூலை அறிந்தவர் என்றும் புனித பவுல் நினைவூட்டுகிறார். புனித அன்னம்மாளைச் சித்திரிக்கும் படங்கள் பலவற்றில், சிறுமி மரியாளின் அருகே அந்த அன்னையின் கையில் விரிந்த ஏடு இருப்பதைக் காண்கிறோம்.

எழுத்தறியாத பாட்டியாயினும் கவலை வேண்டா. அவர் கதை சொல்லட்டும். பேரப்பிள்ளை வாசிக்க, அவர் வியந்து கேட்கட்டும். அயல்நாட்டில் உழைக்கும் தந்தையும், தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணை மட்டும் விசாரியாது, ஒரு கதை சொல்லலாமே! விலையுயர்ந்த நூல்கள் தேவையில்லை. ஊர்ப்புற நூலகத்தில் பெற்றுவரும் ஒரு நூல் போதும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும்.

ஒக்கூர்ப் புலவர் காட்டிய தாய்க்கு மகனை மடியில் வைத்திருக்கக் காலம் இடந்தரவில்லை, பறை முழங்கிவிட்டது. நமக்கோ இறைவன் சில ஆண்டுகளை அருளியிருக்கிறார். அவையும் விரைந்து கழியும். ஆகவே, அன்புப் பெற்றோரே, இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடாதீர்கள். பிள்ளையை மடியில் அமர்த்தி, ஒரு நூலை விரியுங்கள்.