பைபாஸ் அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் குறைவு

பைபாஸ் அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் குறைவு என்பது, இதயத் தமனி அடைப்புக்காக மாற்றுவழி அறுவை செய்துகொண்டோரில் சிலருக்கு நினைவாற்றல், கவனம், சிந்திக்கும் வேகம் ஆகியன முன்பிருந்ததை விடக் குறைந்து காணப்படும் நிலை ஆகும். அறுவையின்போது குருதியைச் செலுத்தும் இயந்திரமே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டதால், ஆங்கிலப் பேச்சுவழக்கில் இது "பம்ப்ஹெட்" எனப்பட்டது. இக்கருத்து இன்று பெரிதும் மாறியுள்ளது.

அறிகுறிகள்

தெரிந்தவரின் பெயர் உடனே நினைவுக்கு வராமை, படித்த பத்தியையே மீண்டும் படிக்க நேர்தல், கணக்குப் பார்ப்பதில் தடுமாற்றம் போன்றவை பொதுவானவை. பக்கவாதம் போல இது வெளிப்படையாகத் தெரிவதில்லை. வீட்டில் உடனிருப்போரே பெரும்பாலும் முதலில் கவனிப்பர். அறுவைக்கு அடுத்த சில நாட்களில் தோன்றும் கடும் மனக்குழப்பம் இதிலிருந்து வேறானது.

அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான தேர்வுகளை (சொற்பட்டியலை நினைவுகூர்தல், எண்களை வரிசையாக இணைத்தல் முதலியன) வைத்தே இது அளவிடப்படுகிறது. எவ்வளவு சரிவைக் "குறைவு" எனக் கொள்வது என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதால், வெளியான விழுக்காடுகளை நேரடியாக ஒப்பிட இயலாது.

இயந்திரத்தின் மீதான ஐயம்

இதய-நுரையீரல் இயந்திரம் உடலிலிருந்து குருதியை வெளியே எடுத்து, அதில் ஆக்சிசனைச் சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறது. ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் இதனைக் கொண்டு முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தார். குருதி நெகிழிக் குழாய்களின் பரப்பைத் தொடும்போது உடலெங்கும் அழற்சி தூண்டப்படுகிறது. நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கொழுப்புத் துளிகளும் மூளைக்குச் செல்லக்கூடும். பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கும்போது அதன் உட்சுவரில் படிந்தவை பெயர்ந்து செல்வதும் உண்டு. எனவே ஐயம் அடிப்படையற்றதன்று.

2001 இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 261 நோயாளரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது 53 விழுக்காட்டினரிடம் அறிதிறன் குறைவு காணப்பட்டது. ஆறு வாரத்தில் இது 36 ஆகவும், ஆறு மாதத்தில் 24 ஆகவும் குறைந்தது. ஐந்தாண்டு முடிவில் மீண்டும் 42 விழுக்காடாக உயர்ந்தது. இந்தக் கடைசி எண்ணே பலரை அச்சுறுத்தியது. ஆனால் அறுவை செய்யப்படாத இதய நோயாளர் எவரும் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படவில்லை. ஐந்தாண்டில் நோயாளரின் வயதும் கூடியது, அவர்களது தமனி நோயும் வளர்ந்தது. எனவே 42 என்ற எண்ணை மட்டும் கொண்டு இயந்திரத்தைக் குற்றஞ்சாட்ட இயலாது.

ஒப்பீட்டு ஆய்வுகள்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் நான்கு பிரிவினரை ஒப்பிட்டனர்: இயந்திரத்துடன் அறுவை செய்துகொண்டோர், இயங்கும் இதயத்திலேயே இயந்திரமின்றிச் செய்துகொண்டோர், அறுவையின்றி மருத்துவம் பெற்ற இதய நோயாளர், இதய நோய் இல்லாதோர். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் முதல் மூன்று பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயற்றோரே அவர்களிலிருந்து வேறுபட்டனர்.

நெதர்லாந்தில் 281 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2007 இல் வெளியாயின. இயந்திரத்துடன் அறுவை செய்துகொண்டோரிலும் இயந்திரமின்றிச் செய்துகொண்டோரிலும் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் குறைவு காணப்பட்டது. இயந்திரத்தைத் தவிர்த்தால் மூளை காக்கப்படும் என்ற எதிர்பார்ப்பை, அமெரிக்காவில் 2,203 பேரிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வும் உறுதிப்படுத்தவில்லை.

இன்றைய நிலை

அறுவையை அடுத்துக் காணப்படும் சரிவு உண்மையானது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது சீராகிறது. முதியோருக்கும், முன்பே மூளைக் குருதிக்குழாய் நோய் உடையோருக்கும் இடர் மிகுதி. ஆண்டுகள் கழித்துத் தோன்றும் சரிவுக்கு, இதயத் தமனியை அடைத்த அதே நோய் மூளைத் தமனிகளையும் பாதிப்பதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே அறுவைக்குப் பின்னும் உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது மூளைக்காகவும் வலியுறுத்தப்படுகிறது. நினைவாற்றல் குன்றும் என்ற அச்சத்தால் தேவையான அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு இவ்வாய்வுகள் இடந்தரவில்லை.

இதய அறுவைக்கு மட்டும் உரிய சிக்கலாகவும் இது இப்போது கருதப்படுவதில்லை. 2018 இல் வல்லுநர் குழு ஒன்று, எல்லா வகை அறுவைகளுக்கும் பொருந்தும் புதிய பெயரீட்டைப் பரிந்துரைத்தது. அதன்படி முதல் 30 நாட்களுக்குள் காணப்படுவது தாமதமான மீட்சி எனவும், அதன்பின் 12 மாதம் வரை நீடிப்பது அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் கோளாறு எனவும் வகுக்கப்படுகின்றன.