வீட்டுவரியும் பள்ளிக்கூடமும்: எல்லை போடுகிற அதிகாரம்

தமிழ்நாட்டு நகரங்களில் சொத்துவரியோடு கல்வி வரியும் சேர்ந்தே வருகிறது. அரியமங்கலத்தில் ரசீதைப் பார்க்கும் நம்மாட்கள் அதை ஏதோ சில்லறை என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் என்கிற கேள்வி அந்தச் சில்லறைக்குள்தான் கிடக்கிறது.

அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்றொரு அலகு உண்டு. நம்ம வருவாய் மாவட்டம் மாதிரி அல்ல; சில இடங்களில் ஒரு பேட்டை அளவுதான். தன் எல்லைக்குள் சொத்துவரி வசூலித்து, அதோடு மாநில நிதியையும் சேர்த்துப் பள்ளி நடத்தும். டெக்சாஸில், சான் அன்டோனியோ பகுதியில், எட்ஜ்வுட் என்பது பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைகளின் மாவட்டம். அலமோ ஹைட்ஸ் வசதியான வெள்ளையர்களுடையது. 1967-68இல் எட்ஜ்வுட் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி போட்டும் மாணவர் ஒருவருக்கு 26 டாலர்தான் திரட்டியது. அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர் போட்டு 333 டாலர் திரட்டியது. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவன் பிள்ளைக்குத்தான் குறைச்சல். ரொட்ரிகஸ் என்ற தந்தையும் மற்ற பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது. பிறகு மாநில நீதிமன்றங்களில் போராடி, 1993இல் பணக்கார மாவட்டங்களின் உபரியை எடுத்துப் பகிரும் சட்டம் வந்தது. ராபின் ஹூட் சட்டம் என்று அதற்குக் கேலிப்பெயர்.

திருச்சியை அப்படிக் கூறுபோட்டுப் பாருங்கள். தில்லைநகர் அலமோ ஹைட்ஸ் ஆகிவிடும். ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்கு வரிவிலக்கு. பொன்மலையில் ரயில்வே பணிமனை மத்திய அரசுச் சொத்து. அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவுப்படி சொத்துவரி கிடையாது. அரியமங்கலத்துக்கு? ஊர்க்குப்பை முழுக்க வந்து கொட்டிய கிடங்கு. குப்பைமேட்டை ஒட்டிய மனைக்கு என்ன மதிப்புப் போடுவான்? ஆக, ஏழ்மை என்பது எல்லைக்கோட்டாலும் உற்பத்தி செய்யப்படுகிறது. 1994இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனதால், இந்த வரிகளெல்லாம் ஒரே பானைக்குள் விழுகின்றன.

நமது பழைய ஏற்பாடும் யோக்கியமானதல்ல. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி போட வழிசெய்தது. வசூலாகிற தொகைக்கு ஈடாக அரசும் தரும். கேட்க நியாயம்போலத் தோன்றும். நூறு ரூபாய் வசூலிக்கிற ஊருக்கு இன்னொரு நூறு, பத்து வசூலிக்கிற ஊருக்குப் பத்து. இடைவெளி தொண்ணூறிலிருந்து நூற்றெண்பது ஆகிறது. ஈடு கொடுப்பது வேறு, ஈடுகட்டுவது வேறு. இரண்டாவதில் இல்லாத ஊருக்குத்தான் அதிகம் போக வேண்டும்.

1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஏழை ஒன்றியம், பணக்கார ஒன்றியம் என்ற பேதமின்றிச் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்தது. என் கணக்கில் இது டெக்சாஸ் செய்ததைவிடப் பெரிய காரியம். அதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் சம்பளத்தோடு அதிகாரமும் மேலே போயிற்று. ஆசிரியர் வரவில்லையென்றால் நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் ஊருக்கு இல்லை.

பானையை வைத்திருப்பவன் கையில்தான் அகப்பை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒன்றியங்களுக்குப் பானை வைத்த மாநிலம் இங்கே தட்டேந்தி நிற்கிறது.