ரோதர் மாவட்டத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்

ரோதர் என்பது இங்கிலாந்தின் கிழக்கு சசெக்சில் உள்ள கடலோர மாவட்டமாகும். இங்கிலாந்தில் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்கள் மூன்று தரங்களாகப் பட்டியலிடப்படுகின்றன. பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பதும், அதன் தன்மை மாறும்படி திருத்துவதும் குற்றமாகும். உரிமையாளருக்கும் விலக்கு இல்லை.

முதல் தரம் என்றாலே பழங்கோட்டைகள்தான் நினைவுக்கு வரும். ரோதரில் அவையும் உண்டு. 1385இல் அரச உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட போடியம் கோட்டையை இன்றும் அகழி சூழ்ந்துள்ளது. துறைமுகத்தைக் காக்க எட்டாம் ஹென்றி விரிவாக்கிய கேம்பர் கோட்டையோ, கூழாங்கற்கள் சேர்ந்து கடல் விலகியதால் புல்வெளி நடுவே நிற்கிறது.

ஆனால் அதே முதல் தரத்தில் உள்ள பெக்ஸ்ஹில் நகரின் டி லா வார் மண்டபம் 1935இல்தான் திறக்கப்பட்டது. நகர மேயராக இருந்த டி லா வார் பிரபு, பொதுமக்களுக்கான கடற்கரை மண்டபமாக இதைக் கட்ட முன்னின்றார். நாஜி ஆட்சி வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோன், செர்ஜ் செர்மயெஃபுடன் இணைந்து இதை வடிவமைத்தார். பற்றவைத்த எஃகுச் சட்டகத்தால் ஆனது; வளைந்த கண்ணாடிச் சுவருக்குள் சுழன்றேறும் படிக்கட்டே இதன் அழகு.

1986இல் இது முதல் தரம் பெற்றது. பட்டியலில் சேர்ந்துவிட்டால் உப்புக்காற்று அரிக்காமல் விடுமா? சீர்கெட்டிருந்த மண்டபம், பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டு 2005இல் கலை மையமாக மீண்டும் திறக்கப்பட்டது.