கடலில் மிதக்கும் முட்டை எந்த மீனோடது? ஆள் மாறினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மீன்களின் இனப்பெருக்க காலம் என்பதுதான் காரணம். சரி, நடுக்கடலில் மீன் முட்டை போட்டதை யார் பார்த்தது?

மீனைப் பார்க்கத் தேவையில்லை. மிக நெருக்கமான கண்ணி கொண்ட கூம்பு வலையைக் கப்பலில் கட்டி இழுத்து, சிக்கும் முட்டைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறார்கள் விஞ்ஞானிகள். எந்த மீன் எங்கே, எப்போது முட்டையிடுகிறது என்பது மட்டுமல்ல, கடலில் தாய் மீன்கள் எவ்வளவு இருக்கும் என்பதையும் இதை வைத்துக் கணக்குப் போடலாம்.

சிக்கலே இங்கேதான். குழம்பில் போடும் மஞ்சள் சினையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலில் மிதக்கும் முட்டைகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் அளவில், உருண்டையாக, கண்ணாடி மாதிரி இருக்கும்.

நெத்திலி ஈஸி, மத்தி ஓகே

நெத்திலி முட்டையில் குழப்பமே இல்லை. உருண்டையாக இல்லாமல் குட்டி மாத்திரை போல நீள்வட்டமாக இருக்கும். மத்தி எனப்படும் சாளையின் முட்டை உருண்டைதான். ஆனால் வெளி ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் மஞ்சள் கருவுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். மஞ்சள் கரு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். உள்ளே ஒரே ஒரு எண்ணெய்த் துளி.

நம்மூர் கடல் சூட்டுக்குச் சுமார் ஒரு நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். அப்போது அதற்கு வாய் திறந்திருக்காது, கண்ணில் கறுப்பு நிறமும் இருக்காது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருதான் சாப்பாடு. நெத்திலிக் குஞ்சும் மத்திக் குஞ்சும் நூல் மாதிரி நீளமாக, அண்ணன் தம்பி போல இருக்கும். ஆசனவாய் உடலில் எந்த இடத்தில் இருக்கிறது, தசைக் கட்டுகள் எத்தனை, கரும்புள்ளிகள் எங்கெங்கே என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பொறுமை ரொம்பவே வேண்டிய வேலை.

ஐரிஷ் கடலில் நடந்த குழப்பம்

இப்படி அடையாளம் எதுவுமே இல்லாத முட்டைகளை என்ன செய்வது? பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள ஐரிஷ் கடலில் இந்தப் பிரச்னைதான் வந்தது. அங்கே காட் மீன் குறைந்துகொண்டே போனது. ஆனால் காட், ஹேடக், ஒயிட்டிங் மூன்றின் முட்டையும், கருவில் நிறப்புள்ளிகள் வரும்வரை ஒரே மாதிரி இருக்கும். அதனால் 'காட் மாதிரி' தெரிந்த முட்டைகளில் பெரும்பாலானவை காட் முட்டையே என்று வைத்து முன்பு கணக்குப் போட்டார்கள்.

2003இல் நடந்த ஆய்வில் 2,770 மாதிரிகளை டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 1.2 முதல் 1.75 மி.மீ. வரையிலான, இனம் தெரியவந்த இளம் முட்டைகளில் காட் வெறும் 34%தான். 8% ஹேடக், 58% ஒயிட்டிங்! அதாவது, அழிந்துகொண்டிருந்த மீன், காகிதத்தில் மட்டும் நிறைய இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை நம்பிப் பிடித்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

டிஎன்ஏ பரிசோதனைக்கும் ஒரு கண்டிஷன் இருக்கிறது. ஃபார்மலினில் ஊறிய முட்டையின் வடிவம் கெடாது, ஆனால் டிஎன்ஏ சிதைந்துவிடும். அதனால், டிஎன்ஏ சோதனைக்கான முட்டைகளைக் கப்பலிலேயே தனியாகப் பிரித்து ஆல்கஹாலில் போட்டுவிடுகிறார்கள்.