உறங்கிய தூரிகை

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்டோரியா நகரில் 1871-ம் வருஷம் பிறந்தவர் எமிலி கார் அம்மையார். பாரிஸில் சித்திரக்கலை பயின்று திரும்பியவர், பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்குச் சென்று, அங்கே வானளாவி நின்ற மரச்சிற்பத் தூண்களைத் தீட்டினார். 1913-ல் வான்கூவரில் சுமார் 200 படங்களைக் காட்சிக்கு வைத்தார். மாகாண அரசாங்கம் வாங்க முன்வரவில்லை. ஜீவனத்துக்காக வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார், நாய் வளர்த்து விற்றார், மண்பாண்டம் வனைந்தார். சுமார் 15 வருஷம் தூரிகை அநேகமாய் உறங்கியே கிடந்தது.

1927-ல் ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் அவர் படங்களைக் காட்சியில் வைத்தது. லாரன் ஹாரிஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் ஊக்கமளித்தார். அதன் பின்பு தீட்டிய கானகச் சித்திரங்களே அம்மையாரைப் பிரசித்தமாக்கின. 1945-ல் அவர் காலமானார்.

கடைசியிலேனும் பாராட்டு வந்ததே என்று மகிழலாம். ஆனால் அந்த 15 வருஷத்தில் தீட்டப்படாமற்போன படங்களை யார் திருப்பித் தருவார்?