தாழம்பழம் வேக எத்தனை விசில்?

தாழை என்றால் நமக்குப் பூ. ஜடையில் வைத்துத் தைப்பது, பட்டுப்புடவைக்கு நடுவே போட்டுவைப்பது, பாம்பு வரும் என்று பாட்டி மிரட்டுவது எல்லாம் அதை வைத்துத்தான். அந்தத் தாழையின் உறவுக்கார மரம் ஒன்றின் பழத்தை நிக்கோபார் தீவுகளில் சோறாகவே சாப்பிட்டு வந்தார்கள்.

கனத்த காய். அதைச் சுளை சுளையாகப் பிரித்துப் பானையில் அடுக்கி, இலை போட்டு மூடி, மணிக்கணக்கில் அவிக்க வேண்டும். வெந்த சுளையைச் சிப்பி ஓட்டால் வழித்தால் மஞ்சள் விழுது வரும், கூடவே நாரும் வரும். நாரைப் பொறுமையாக இழுத்துப் போட்டுவிட்டு, விழுதைத் திரட்டி இலையில் கட்டிவைப்பார்கள். நெல் விளையாத ஊரில் அதுதான் இட்லி, அதுதான் புட்டு. தொட்டுக்கொள்ள மீன், கிழங்கு, விருந்தென்றால் பன்றி. குடிக்க இளநீர்.

அந்த ஒரு சாப்பாட்டுக்குள் எவ்வளவு நடை இருந்தது என்று பாருங்கள். காட்டுக்குப் போய்ப் பழம் சுமந்து வரவேண்டும். தென்னை ஏறவேண்டும். பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போடவேண்டும். ஹோடியைத் தண்ணீரில் தள்ளித் துடுப்புப் போடவேண்டும் (ஹோடி என்பது அவர்கள் படகு, நம் ஓடத்தின் சித்தப்பா மகன் மாதிரி ஒலிக்கிறது). திரும்பி வந்தால் கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு ஏணி. இதையெல்லாம் அங்கே யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. நூறாண்டு வாழப் பத்துப் பழக்கங்கள் என்று நாங்கள்தான் வாராவாரம் அச்சடிக்கிறோம்.

அதற்காக அது சொர்க்கமாக இருந்தது என்று கதைவிட முடியாது. தரங்கம்பாடியிலிருந்து 1768-இல் நான்கவுரித் தீவுக்குப் போன மொரேவியன் பாதிரிமார் காய்ச்சலில் ஒவ்வொருவராகச் செத்து, மிஞ்சியவர்கள் 1787-இல் மூட்டை கட்டினார்கள். நிக்கோபாரியரிடையே ஹெபடைடிஸ் பி தொற்று மிக அதிகம் என்று ஐ.சி.எம்.ஆரின் போர்ட் பிளேர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. அதற்குத் தாழம்பழம் காப்பில்லை, தடுப்பூசிதான் காப்பு. ஆனாலும் நோயையும் பஞ்சத்தையும் தாண்டி வந்து திடமாகவே முதுமைக்குள் போனவர்களும் உண்டு. கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் 1884-இல் பிறந்தவர், ஜப்பானியர் சிறையிலிருந்து உயிர் தப்பியவர், முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தவர். 1978 வரை இருந்தார்.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. டிரிங்கெட் தீவு துண்டு துண்டாக உடைந்து, அங்கிருந்தவர்கள் கமோர்டாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கரையோரத் தென்னந்தோப்புகள் போயின. பிழைத்தவர்களுக்கு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. பசித்தவனுக்குச் சோறு போட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை அதற்கப்புறம்தான். கரையைவிட்டுத் தள்ளி, தகரக் கூரை போட்டு, வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். 'துஹெத்' என்ற பெரிய கூட்டுக் குடும்பம் நிலத்தையும் தென்னையையும் பன்றியையும் பொதுவில் வைத்திருந்த இடத்தில், புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று கணக்கெடுத்து வீட்டையும் நிவாரணப் பணத்தையும் பிரித்தார்கள். நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அரிசிதான், இனிப்புத் தேநீர்தான்.

சுனாமிக்குப் பிறகு ஆய்வாளர்கள் கார் நிக்கோபாரில் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தபோது, பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது அதிகமாக இருந்தது. பழியை முழுக்கக் கடல்மேல் போடவும் முடியாது. கொப்பரைக்கு மாற்றாக அரிசியும் சர்க்கரையும் வெகுகாலம் முன்பே அங்கே வந்துவிட்டன. சுனாமி அந்த வேகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான்.

நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஒகினாவாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வளர்ந்த கிழவர்கள் நூறைத் தொட்டார்கள். அமெரிக்கப் படைத் தளங்களோடு வந்த டின் இறைச்சியிலும் பர்கரிலும் வளர்ந்த அடுத்த தலைமுறை அப்படியில்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் 26-ஆவது இடத்துக்குச் சரிந்தது. அங்கே யாரும் கிழங்கை வெறுத்து ஒதுக்கவில்லை. கடைத்தெருவில் வேறு சாமான் வந்துவிட்டது.

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இருக்கும் நம் தமிழ் ஆட்களும் இதிலிருந்து தள்ளி நிற்கவில்லை. சென்னைக் கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறும். அன்றைக்குக் கைகொடுப்பது கருவாடும் ஊறுகாயும் அப்பளமும். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைத்த வீட்டில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

கார் நிக்கோபார் ஆய்வில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் ரத்த அழுத்தம் கூடுதல் என்று அது சொல்கிறது. பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வாயெடுக்கும் என் போன்றவர்களை நிறுத்திவைக்கும் செய்தி இது. மணிக்கணக்கில் வேகவேண்டிய பழத்தைப் புகையில்லாமல் அவிக்க கேஸ் வேண்டும். அதுவும் தீவுக்குக் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு பானைத் தாழம்பழத்துக்கு அரை நாள் சிலிண்டரை எரிக்க எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? அரிசிக்கு மூன்று விசில் போதும்.